வாசகர் கேள்விகள்: செய்தி வாசிப்பவர் நம்மைப் பார்ப்பதும் அமைச்சர் பார்க்காததும்

தொலைக்காட்சிச் செய்திகளைப் பற்றிக் கேட்க நினைப்பதைக் கேட்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, செய்தி சேனல் ஒன்றில் செய்திகளைத் திருத்தித் தொகுக்கும் டெஸ்க்கில் பல ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

செய்தி வாசிப்பவர் நேராக நம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். பேட்டி கொடுக்கும் அமைச்சரும் விவசாயியும் மட்டும் எங்கோ பக்கவாட்டில் பார்த்துப் பேசுகிறார்களே, கேமரா கூச்சமா?
– வாசகி, தென்காசி

கூச்சமில்லை, ஏற்பாடுதான். கேமராவை நேராகப் பார்த்துப் பேசும் உரிமை, சேனலின் குரலாக நிற்பவர்களுக்கு மட்டுமே உரியது என்பது எழுதப்படாத வழக்கம்; ஸ்டுடியோவில் வாசிப்பவருக்கும் களத்தில் மைக்குடன் நிற்கும் செய்தியாளருக்கும் அது உண்டு. மற்றவர்களெல்லாம் கேமராவை ஒட்டி நிற்கும் செய்தியாளரைப் பார்த்தே பதில் சொல்வார்கள். அதனால் அது அவர்களுடைய சொல், சேனலின் சொல் அல்ல என்பது யாரும் விளக்காமலே நமக்குப் புரிந்துவிடுகிறது. நாட்டு மக்களுக்கு உரையாற்றும் பிரதமர் நேராகப் பார்க்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். அப்போது அவர் எவருடைய கேள்விக்கும் பதில் சொல்லவில்லை அல்லவா!

பார்வையின் திசைக்கும் ஒரு கணக்கு உண்டு. பேசுபவர் இடப்பக்கம் பார்த்தால் ஒளிப்பதிவாளர் அவரைத் திரையின் வலப்பக்கமாக நிறுத்தி, பார்க்கும் பக்கத்தில் வெற்றிடம் விடுவார். இல்லையென்றால் மூக்கு திரையின் ஓரத்தில் இடிப்பது போல இருக்கும். ஒரு பிரச்சினையில் எதிரெதிராக நிற்கும் இருவரின் பைட்டுகளை, அதாவது பேட்டித் துண்டுகளை, அடுத்தடுத்து வைப்பதென்றால், ஒருவரை இடப்பக்கம் பார்க்கவும் மற்றவரை வலப்பக்கம் பார்க்கவும் வைத்து எடுத்து வரும்படி செய்தியாளரிடம் சொல்லி அனுப்புவோம். மறந்துபோய் இருவரையும் ஒரே திசை பார்க்க வைத்து எடுத்து வந்துவிட்டால், வாதம் செய்ய வேண்டியவர்கள் வரிசையில் நின்று மூன்றாவது ஆள் ஒருவரிடம் மனு கொடுப்பது போலத் தெரியும்.

முகத்தைக் காட்டுவதே ஒரு காலத்தில் கேள்விக்குரியதாக இருந்தது. பிபிசி 1954 ஜூலை 5 அன்று தன் தொலைக்காட்சிச் செய்தி அறிக்கையைத் தொடங்கியபோது படங்களும் வரைபடங்களும் திரையில் வந்தன, வாசிப்பவரின் குரல் மட்டும் கேட்டது. புருவம் சற்று உயர்ந்தாலும் அது கருத்தாகிவிடும் என்று அஞ்சி முகத்தை மறைத்தார்கள். 1955 செப்டம்பரில்தான் வாசிப்பவர் திரைக்கு வந்தார். நம்முடைய இரவு நேர விவாதங்களில் நெறியாளர்களின் முகங்களைப் பார்க்கும்போது, அந்த அச்சம் அப்படியொன்றும் அசட்டுத்தனமானதல்ல என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ப்ராம்ப்டரைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள் என்றால் கையில் காகிதம் எதற்கு?
– வாசகர், சேலம்

ப்ராம்ப்டர் நின்றுபோகும் நாளுக்காக. லென்ஸுக்கு முன்னால் சாய்வாகப் பொருத்திய கண்ணாடியில் எழுத்துகள் பிரதிபலிக்கின்றன. அவற்றை வாசிப்பவரின் வேகத்துக்கு ஏற்ப ஓட்டுபவர் வேறொருவர். கணினி உறைந்துவிட்டால் காகிதத்தைத் தவிர வேறு துணையில்லை. அறிக்கை முடிந்ததும் காகிதங்களை மேசையில் தட்டி அடுக்குகிறார்களே, அது வெறும் பழக்கம்.

நேரலையில் ஸ்டுடியோவிலிருந்து கேள்வி கேட்ட பிறகும் களத்தில் இருக்கும் செய்தியாளர் சில நொடிகள் சிலை போல நிற்பது ஏன்?
– வாசகர், காரைக்கால்

கேள்வி அவருடைய காதுக்குப் பெரும்பாலும் செல்பேசி வழியாக உடனே போய்விடும். படம் நம்மிடம் வந்து சேரத்தான் நேரமாகிறது. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கவே கால் நொடி ஆகும்; படத்தைச் சுருக்கி அனுப்பி மீண்டும் விரிக்கும் கருவிகள் தம் பங்குக்கு இன்னும் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். செயற்கைக்கோளுக்குப் படம் அனுப்பும் ஓபி வேனுக்குப் பதிலாக, செல்பேசி வலை வழியே படம் அனுப்ப பல சிம் கார்டுகள் செருகிய கருவியை முதுகுப்பையில் சுமந்து போகும் இக்காலத்தில், கூட்டம் நெரிக்கும் இடத்தில் தாமதம் கூடத்தான் செய்கிறது.

படத்தின் மூலையில் 'கோப்புக் காட்சி' என்று போடுவது அவ்வளவு முக்கியமா?
– வாசகி, நாகப்பட்டினம்

மிகவும் முக்கியம். இது இன்றைய காட்சியல்ல, முன்பே எடுத்து வைத்திருந்தது என்பதே அதன் பொருள். எழுதிய செய்தியில் காலத்தை வினைச்சொல் காட்டிவிடும். 'பெய்தது' என்பதற்கும் 'பெய்கிறது' என்பதற்கும் குழப்பமில்லை. படத்துக்கு இறந்த காலம் கிடையாது. ஓடுகிற வெள்ளம் எப்போது எடுக்கப்பட்டதாக இருந்தாலும் இப்போது ஓடுவதாகவே கண்ணுக்குப் படும், ஆகவே அதன் காலத்தைச் சொல்ல மூலையில் இருக்கும் அந்த இரண்டு சொற்களை விட்டால் வேறு வழியில்லை.

நான் சூடுபட்டுத்தான் இதைக் கற்றேன். ஒரு மழைக்கால இரவில், கடலோர ஊர் ஒன்றிலிருந்து விஷுவல் வந்து சேராத நிலையில், முந்தைய ஆண்டுகளில் எடுத்து வைத்திருந்த வெள்ளக் காட்சிகளை அவசரமாக இழுத்துப் போட்டு, மூலையில் அடையாளம் வைக்காமல் ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் அந்த ஊரிலிருந்து ஒரு முதியவர் தொலைபேசியில் வந்தார். கோபமே இல்லாத குரலில், "தம்பி, நீங்க காட்டுற பஸ் ஸ்டாண்டை இடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "அது பரவாயில்ல, துபாயிலேருந்து என் மகன் அலறிக்கிட்டு போன் பண்ணிட்டான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பாதிக்கப்பட்ட சிறுமியின் முகத்தை மங்கலாக்கிவிட்டு, அவள் வீட்டையும் தெருவையும் காட்டுகிறார்களே, இது சரியா?
– வாசகி, மதுரை

சரியல்ல, குற்றம். கண்களின் மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டால் கடமை முடிந்தது என்று ஊடகங்கள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பெயரையும் படத்தையும் மட்டுமல்லாமல் முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. நீதிமன்றம் குழந்தையின் நலன் கருதி அனுமதித்தால் மட்டுமே விலக்கு. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் இறந்துவிட்டாலும் பெயரைச் சொல்லக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தெளிவுபடுத்தியது.

டெஸ்க்கில் எங்களுக்குச் சிக்கலைத் தந்தவை முகங்களைவிடச் சிறிய பொருள்கள்தாம். சீருடையின் நிறம், வாசலில் நிற்கும் மொபெட்டின் எண், அழுகிற தாயின் குரல் என்று எதை வைத்தும் அந்தத் தெருவில் இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கத்தானே இந்த மறைப்பெல்லாம்? பக்கத்து மாநிலத்துக்காரருக்குப் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது! எனவே வீட்டைக் காட்டுவதை விட்டு, காவல் நிலையத்தின் பெயர்ப்பலகையையோ நீதிமன்றக் கட்டடத்தையோ காட்டுவதே முறை. அதிலும் காவல் நிலையம் சிற்றூரில் இருந்தால் யோசிக்க வேண்டும்.

எல்லாமே பிரேக்கிங் நியூஸாக இருக்கிறது. எதை நம்புவது?
– வாசகர், திருப்பூர்

சிவப்புப் பட்டையைப் பார்க்காதீர்கள், வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'அறிவித்தார்', 'அறிக்கை வெளியிட்டது' என்று முடிந்தால் அதற்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் இருக்கிறார். 'எனத் தகவல்', 'எனக் கூறப்படுகிறது' என்று முடிந்தால், சேனல் கையை முழுவதும் வைக்காமல் விரல் நுனியால் தொட்டுப் பார்க்கிறது என்று பொருள். மரணச் செய்தியில் மருத்துவமனையோ குடும்பத்தாரோ சொல்லும் வரை காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2016 டிசம்பர் 5 மாலையில் சில தமிழ்ச் சேனல்கள் முதல்வர் ஜெயலலிதா மறைந்துவிட்டதாக அறிவிக்க, கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை உடனே அதை மறுத்தது. கொடி மீண்டும் ஏறியது. அன்றிரவு 11.30 மணிக்கு அவர் காலமானார் என்ற மருத்துவமனையின் அறிக்கை நள்ளிரவைத் தாண்டித்தான் வந்தது.