பூங்காவும் பிடிக்காமல் போனால்

கேள்வி: எனக்கு வயது 57. பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். தினமும் காலையில் தோழிகளோடு தாவரவியல் பூங்காவுக்கு நடக்கப் போவேன். உதிர்ந்து கிடக்கும் நாகலிங்கப் பூவைப் பொறுக்கி வந்து சாமிக்கு வைப்பேன். இரண்டு மாதமாக மனம் ஒட்டவில்லை. கடைசியாகப் போனபோது பூ காலடியில் கிடந்தும் குனியத் தோன்றவில்லை. இப்போது தோழி வாசலில் ஹாரன் அடித்தால் தூங்குவதுபோல் படுத்துக்கொள்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. முழங்காலில் சொடக்குச் சத்தம் கேட்கிறது. நடந்தால் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும் என்று இணையத்தில் பார்த்து அசுவகந்தா மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். சில இரவுகளில் தங்கையின் தூக்க மாத்திரையில் பாதி. என் பெரியம்மா தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் இருந்தவர். மறுபடி நடக்க ஆரம்பித்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: அம்மா, உங்களை யாரும் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் போவதில்லை. அந்த ஊர்ப் பெயர் கடிதத்தில் ஒரு வரிதான். ஆனால் மற்றதையெல்லாம் எழுத வைத்தது அந்தப் பயம்தான் என்று எனக்குப் படுகிறது. நெருங்கிய உறவில் ஒருவருக்கு மனநோய் இருந்தால் நமக்கும் வந்தே தீரும் என்றில்லை. பெரியம்மா காலத்தில் மனம் சம்பந்தப்பட்ட எதற்கும் சனங்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான். இன்று உங்கள் வீட்டுப் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார கிளினிக்கில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பார்க்கிற அதே டாக்டர் மனச்சோர்வுக்கும் பார்க்கிறார்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வலியும் வீக்கமும் இல்லாத முழங்கால் சத்தத்தை மறந்துவிடுங்கள். கார்ட்டிசோல் எல்லோருக்கும் காலையில் ஏறத்தான் செய்யும், எழுந்து நடமாட உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. வேகமாக நடந்தால் கொஞ்சம் ஏறி, தானே இறங்கும். அதைக் காட்டி நடையையே நிறுத்தச் சொல்லும் வீடியோக்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அசுவகந்தாவை இன்றே நிறுத்துங்கள். மூலிகைதானே என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், தைராய்டு அளவையும் அது மாற்றக்கூடும். தூக்க மாத்திரை உங்கள் தங்கைக்கு எழுதிக் கொடுத்தது. இனி அதைத் தொடாதீர்கள். ஒருவேளை தினமும் போட்டு வந்திருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிக் குறையுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த நாகலிங்கப் பூ.

மழை, சோம்பல், மூட்டு வலி என்று பூங்காவுக்குப் போகாமல் இருப்பவர்கள் ஏராளம். ஆனால் போனால் அவர்களுக்குப் பிடிக்கும். நீங்கள் போயும் ஒன்றும் தோன்றவில்லை. ஆசையாகச் செய்து வந்ததில் இரண்டு வாரத்துக்கும் மேல் ருசியே இல்லாமல் போவது மனச்சோர்வின் முக்கியமான அடையாளம். அதோடு அதிகாலை விழிப்பும் சேர்ந்தால் நான் தள்ளிப்போட மாட்டேன். தோழியிடமிருந்து ஒளிந்துகொள்வதைச் சோம்பல் என்று நீங்களே உங்களைத் திட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

பூங்கா மனதுக்கு நல்லது என்பது வெறும் பேச்சில்லை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டிருந்தார்கள். வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் செலவிட்டவர்களில், உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். ஒரே நாளில் இருந்தாலும் சரி, பிரித்துப் பிரித்துப் போனாலும் சரி. ஆனால் மனம் தெம்பாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களா என்பதை இந்த மாதிரி ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. லேசான சோர்வுக்கு நடை நன்றாகவே உதவும். காலை வெளிச்சம் தூக்கத்தின் நேரத்தைச் சீர்செய்யும், கூட நடப்பவர்களின் பேச்சு மனதைத் தன் கவலையிலிருந்து கொஞ்சம் வெளியே இழுக்கும். உங்கள் நிலையில் அது மட்டும் போதாது என்றே நினைக்கிறேன். "பார்க்குக்குப் போ, எல்லாம் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொன்னால், போக முடியாத குற்ற உணர்வும் தலையில் ஏறும்.

ஆகவே இந்த வாரமே கிளினிக்குக் கிளம்புங்கள். முதலில் இரண்டு கேள்வி கேட்பார்கள்: இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா, மனம் சோர்ந்திருக்கிறதா? ஆமென்றால் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் வரும். தைராய்டையும் ரத்தச்சோகையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இப்படியே இருக்கும். மாத்திரை கொடுத்தால், பலன் தெரியச் சில வாரம் ஆகும். பழக்கமாகிவிடுமோ என்று பயந்து நடுவில் நீங்களாக விடாதீர்கள்.

நடையையும் விட வேண்டாம், ஆனால் முழுச் சுற்று இப்போதைக்குத் தேவையில்லை. ஹாரன் கேட்டால் எழுந்து காரில் ஏறுங்கள், அவ்வளவுதான். நடக்க முடியாத நாளில் பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பிடிக்கும்வரை காத்திருந்தால் போகவே மாட்டீர்கள். இந்த நோயில் கால் முதலில் போகும், மனம் பின்னால்தான் வரும்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்டாக வேண்டும். அந்த மூன்று மணி விழிப்பில், இருந்து என்ன ஆகப்போகிறது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா? தோன்றினால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள், சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழையுங்கள், அழைப்பு கிடைக்காத நேரமென்றால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். போலீஸ் விவகாரம் ஆகிவிடுமோ என்று மறைத்த காலம் போய்விட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள்.

கிளினிக்குப் போகும்போது அசுவகந்தா புட்டியையும் தங்கையின் மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை நாள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.