ஞானப்பல் எடுத்த பிள்ளைக்கு ஸ்ட்ரா ஏன் கூடாது?

ஞானப்பல் என்பது பெரும்பாலும் 17 வயதுக்கு மேல் கடைவாயின் கோடியில் கடைசியாக முளைக்கும் பல். அதை எடுத்த குழியில் ரத்தம் உறைந்து மூடிபோல உட்காரும், முழங்கால் சிராய்ப்பில் கட்டும் பொருக்கு மாதிரிதான், ஆனால் ஈரத்திலேயே கிடப்பதால் பிடிப்பு குறைவு. ஸ்ட்ராவில் உறிஞ்சினாலோ காறித் துப்பினாலோ அது கழன்று உள்ளே எலும்பு வெளிப்பட்டுவிடும். இரண்டு மூன்று நாள் கழித்துக் காதுவரை தெறிக்கும் வலி வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

முதல் நாள் குழையப் பிசைந்த தயிர்சாதம், கரண்டியில் ஐஸ்கிரீம் (இதற்கு எந்தப் பிள்ளையும் முரண்டு பிடிக்காது), அப்புறம் துணியில் சுற்றிய ஐஸை அவ்வப்போது கன்னத்தில் வையுங்கள்.

உப்புத் தண்ணீர் நல்லதுதானே என்று அன்றைக்கே கொப்பளிக்க வைப்பார்கள். அதுவும் அந்த மூடியைக் கழற்றும், 24 மணி நேரம் போகட்டும்.