அமெரிக்காவில் ஒரே ஊரில் மக்காச்சோளம் போடும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் அரசு மானியம் வருவது ஏன்?

நிற்கிற பயிருக்குத்தான் மானியம் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. சந்தை விலை ஆதார விலைக்குக் கீழே போனால் பணம் தருவது பிஎல்சி, வருமானம் குறைந்தால் தருவது ஏஆர்சி. இந்த இரண்டு திட்டங்களிலும் பணம் வருவது 'பேஸ் ஏக்கர்' கணக்கில். அந்த நிலத்தில் முன்பு என்ன பயிர் எத்தனை ஏக்கர் இருந்தது என்று எஃப்எஸ்ஏ என்ற அரசு வேளாண் முகமையின் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகம் பதிந்து வைத்திருப்பதுதான் பேஸ். இந்த வருஷம் முழுக்கச் சோயா போட்டிருந்தாலும் மக்காச்சோளப் பேஸுக்கு மக்காச்சோளப் பணம் வரும். பக்கத்து நிலம் பூராவும் மக்காச்சோளம் நின்றாலும், பேஸ் இல்லையென்றால் ஒரு டாலர்கூடக் கிடையாது.

அதனால் அயோவா மாநிலத்தில் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ போகிறவர் முதலில் கேட்டு வாங்க வேண்டிய தாள் எஃப்எஸ்ஏ-156இஇஸட். பயிர்வாரியாகப் பேஸ் ஏக்கரும், அதன் பக்கத்திலேயே பிஎல்சி மகசூலும், அதாவது மானியக் கணக்குக்காகப் பதிந்து வைத்த ஏக்கர் மகசூலும், அதில் இருக்கும்.

பிஎல்சியின் கணக்கு இப்படி. 2016 மக்காச்சோளத்துக்கு ஆதார விலை புஷலுக்கு (அமெரிக்கத் தானிய அளவு) 3.70 டாலர், நாட்டின் சராசரிச் சந்தை விலை 3.36. வித்தியாசம் 34 சென்ட். 100 பேஸ் ஏக்கர், மகசூல் 130 புஷல் என்றால் ஏக்கருக்கு 44.20 டாலர். ஆனால் 85 ஏக்கருக்குத்தான் தருவார்கள்: 3,757 டாலர். அதிலும் பட்ஜெட் வெட்டு 6.6 சதவீதம் போய், கையில் சுமார் 3,509. அதுவும் 2017 அக்டோபரில்தான். சந்தை வருஷம் ஆகஸ்ட் கடைசியில் முடிந்தால்தான் சராசரி விலை தெரியும் என்பதால் இந்தத் தாமதம். அறுவடைக் கடனை இதை நம்பி வாங்கக் கூடாது.

ஏஆர்சியில் பெரும்பாலோர் எடுப்பது கவுண்டி வகை. அங்கே பார்ப்பது அந்தப் பயிரில் கவுண்டி முழுவதற்குமான சராசரி வருமானம். ஆலங்கட்டி மழை உங்கள் வயலை மட்டும் அடித்துப் போட்டால் இதில் எதுவும் வராது. அதற்குப் பயிர்க் காப்பீடுதான். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கவுண்டி, அந்தப் பக்கம் இன்னொன்று என்றால் ஒரே மண், ஒரே மழைக்கு இரண்டு தொகை வருவதும் இதனால்தான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

2025-ல் வந்த சட்டம் மக்காச்சோள ஆதார விலையை 4.10 ஆக உயர்த்தியிருக்கிறது. 2025 பயிருக்கு மட்டும் இரண்டு திட்டங்களில் எது அதிகமோ அதைத் தருகிறார்கள்.

பணம் நிற்பது பெரும்பாலும் காகிதத்தில்தான். ஒருமுறை தேர்ந்தெடுத்த திட்டம் அடுத்த வருஷமும் தொடரும். ஒப்பந்தத்தில் மட்டும் வருஷா வருஷம் கையெழுத்துப் போட வேண்டும். இதை விட்டவர்கள் நிறைய. எத்தனை ஏக்கரில் என்ன பயிர் என்று சொல்லும் ஏக்கர் அறிக்கை அயோவாவில் ஜூலை 15-க்குள். உங்கள் சராசரி வருமானம் 9 லட்சம் டாலருக்கு உட்பட்டது என்ற உறுதிமொழி சிசிசி-941 படிவத்தில்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஏடி-1026, அதாவது ஈரநில, மண் பாதுகாப்பு விதிகளை மீறமாட்டேன் என்ற உறுதிமொழிப் படிவம். மண்ணுக்கடியில் வடிகால் குழாய் பதிப்பதற்கு முன்பே இதைக் கொடுத்துப் பதில் வாங்குங்கள். ஈரநிலத்தை வடித்துவிட்டதாக முடிவானால், அந்த வயலுக்கு மட்டுமல்ல, உங்கள் பெயரில் உள்ள எல்லாப் பண்ணைகளின் பணமும் நின்றுவிடும்.

குத்தகை நிலமென்றால்: ரொக்கக் குத்தகையில் மானியம் முழுதும் உழுகிறவருக்கு. விளைச்சலில் பங்கு என்ற வாரக் குத்தகைக்கு விட்டிருந்தால் உரிமையாளருக்கும் பங்கு உண்டு, ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும். அவர் வெளியூரில் இருந்தால் குளிர்காலத்திலேயே தாளை அனுப்பிவிடுங்கள்.