ஓடியவரும் நின்றவரும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். முட்டுவலி வந்து வேளிமலை ஏறுவதை நிறுத்திக்கொண்டதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தேன். எனக்கு எழுபது நடக்கிறது. குலசேகரம் பக்கம் பிறந்தவன். இப்போது மகனோடு சுசீந்திரம் அருகே இருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் முதல் சிவாலய ஓட்டம் ஓடினேன். அறுபத்தொரு வயது வரை ஒரு வருஷம்கூட விட்டதில்லை. பிறகு முட்டு விடவில்லை.

போன மாசியில் சிநேகிதர்கள் வேனில் கூட்டிப் போனார்கள். பன்னிரண்டு கோயிலையும் சொகுசாகப் பார்த்து முடித்தோம். ஒன்றுகூட மனதில் ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்து விசிறியை ஆணியில் மாட்டினேன். ஒக்கி புயல் அடித்து கரண்டு இல்லாமல் கிடந்த நாட்களில், சுகமில்லாமல் இருந்த மனைவிக்கு வீசிய விசிறி அது. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

இப்போது தினமும் காலையில் தேரூர் குளக்கரையில் போய் உட்காருகிறேன். பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியவில்லை. கோயிலுக்குப் போவது குறைந்துவிட்டது. "அப்பா சும்மா உட்கார்ந்தே இருக்கீங்க, ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்கிறான் மகன். எனக்குப் பயமாக இருக்கிறது. பக்தி போய்விட்டதா? இல்லை, இது வெறும் சோம்பலா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சுசீந்திரம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசைமேலேயே வைத்திருந்தேன். உடனே பதில் எழுதினால் ஆறுதல் மட்டும்தான் எழுதியிருப்பேன். நீங்கள் கேட்டது ஆறுதல் இல்லை.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மாசி மாத மகாசிவராத்திரியை ஒட்டி, எங்கள் குமரி மாவட்டத்தில் முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடியும் நடந்தும் தரிசிப்பதுதான் சிவாலய ஓட்டம். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். ஓடுகிறவர்களைக் கோவிந்தன்மார் என்போம். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா கோபாலா". ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈரத்தோடு உள்ளே போய், சாமிக்கு விசிறியால் வீசிவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டும். திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். ஓடியவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசையில்தான் சொல்வார்கள்.

நானும் பதினோரு தடவை ஓடியிருக்கிறேன். உங்கள் கணக்கின் முன்னால் அது ஒன்றுமில்லை. ஆனாலும் வேனில் ஏன் ஒட்டவில்லை என்பது எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். திற்பரப்பிலிருந்து பொன்மனை வரைக்கும் உள்ள ராத்திரி வழியை நினைத்துப் பாருங்கள். மாசியில் ரப்பர் பழைய இலையெல்லாம் கொட்டி, செம்பு நிறத்தில் துளிர் விட்டு நிற்கும். காலடியில் சருகு சத்தம், வேட்டியில் திற்பரப்புத் தண்ணீரின் குளிர், முன்னால் யாரோ ஒருவரின் முதுகு. கோயில் வந்துவிட்டது என்பது கண்ணுக்குத் தெரியும் முன் காலுக்குத் தெரிந்துவிடும். வேனில் அந்தக் காலுக்கு வேலையே இல்லை. சன்னதியில் நீங்கள் நின்றது பத்து நிமிஷம் என்றால், அதற்கு முன்னால் இருந்த இரண்டு மணி நேர வழியை யாரோ கத்திரித்து எடுத்துவிட்டார்கள். மனது எதில் போய் ஒட்டும்? இதில் பக்தி குறைந்ததற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி நம்ம பக்கத்துக் கதையைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். தர்மரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். கண்ணன் பீமனை அனுப்புகிறான். பாதி மனிதன், பாதி புலியான அந்தப் புருஷாமிருகம் பெரிய சிவபக்தன், விஷ்ணு நாமம் காதில் விழக்கூடாது அதற்கு. திருமலையில் தவத்தில் இருந்த அதன் முன்னால் போய் பீமன் "கோவிந்தா கோபாலா" என்று கத்துகிறான். அது துரத்துகிறது. கிட்டத்தில் வந்ததும் கண்ணன் கொடுத்த ருத்திராட்சம் ஒன்றைக் கீழே போடுகிறான். அது லிங்கமாகிறது. புருஷாமிருகம் நின்று, குளித்து, உட்கார்ந்து பூஜை பண்ணுகிறது. அந்த நேரத்தில் பீமன் ஓடிவிடுகிறான். இப்படிப் பன்னிரண்டு தடவை.

நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே நம்மைப் பீமன் என்றுதான் நினைத்திருக்கிறோம். விசிறியும் கோஷமும் ஓட்டமும் அவனுடையவை. எனக்கும் அறுபது தாண்டும் வரை வேறு மாதிரி தோன்றியதில்லை. ஒரு சிவராத்திரி அன்று வீட்டுத் திண்ணையில் இருந்து கோவிந்தன்மார் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இந்தக் கதையில் பூஜை பண்ணுவது யார்? பீமன் ஒரு இடத்திலும் நிற்கவே இல்லையே. கோபத்தோடு, இரையைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, லிங்கத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உட்கார்ந்தது புருஷாமிருகம்தான். அது உட்காராமல் போயிருந்தால் பன்னிரண்டு இடமும் வெறும் ருத்திராட்சம் விழுந்த மண்ணாகத்தான் கிடந்திருக்கும். ஓடினவன் பெயரில் திருவிழா நடக்கிறது, நின்றவரால் கோயில் உண்டாயிருக்கிறது.

நாற்பது வருஷம் பீமனாக ஓடிவிட்டீர்கள். இப்போது உட்காரும் முறை வந்திருக்கிறது. கடைசியில் பீமனின் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்கு உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருக்கும்போது பிடிபட, பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கு என்று தர்மர் தீர்ப்புச் சொன்னார் இல்லையா? தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை. அந்தத் தீர்ப்பை இப்போதெல்லாம் என் முழங்காலைத் தடவிக்கொண்டே நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் அம்மா வாழ்நாளில் பன்னிரண்டு கோயிலையும் சேர்த்துப் பார்த்ததில்லை. எங்கள் வீடு கல்குளத்துக்கும் மேலாங்கோட்டுக்கும் நடுவில். சிவராத்திரி அன்று விடியும் முன்பே வாசலில் சுக்குத் தண்ணியும் பானகமும் வைத்து உட்கார்ந்துவிடுவாள். வெயில் ஏறி இறங்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். வருகிறவர்களின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். "காலைப் பாத்தா தெரியும் மக்கா, யாரு ஓடினவன், யாரு நடந்தவன்னு." வெடித்த பாதத்தைக் கண்டால் ஒரு செம்பு தண்ணீரை அதன் மேல் ஊற்றுவாள். குடிக்கக் கொடுப்பது அதற்குப் பிறகுதான். அவள் பக்தியைப் பற்றி யாரும் கேள்வி கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

இதே துக்கம் என் கத்தோலிக்க நண்பர் ஒருவருக்கும் உண்டு. பூசையில் முழந்தாளிட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். நம் ஓட்டம் முடிகிற நட்டாலம்தான் 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிறந்த ஊர். இரண்டு கூட்டமும் ஒரே மண்ணில் வந்து முட்டுக்காக வருந்துகிறது.

சரி, குளத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள்மேல் பொறாமை அங்கேதான். கவிமணி பிறந்த ஊர்க் குளம் அது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தை 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். வடக்கே இருந்து வருகிற வாத்துகள் இந்த மாவட்டத்துக்கு வந்துவிட்டால், தெற்கே கொஞ்ச தூரத்தில் கடல். இவ்வளவு தூரம் பறந்து வந்தவை அங்கே தண்ணீரில் சும்மா மிதப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் எல்லாம் இருக்கும். இலைக்கோழியைக் கவனித்திருக்கிறீர்களா? தாமரை இலைமேல் நீளமான விரல்களை ஊன்றி நடக்குமே, அது. அதில் முட்டையின் மேல் உட்காருவது ஆண்தான். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், இவன் மழையிலும் வெயிலிலும் இருந்த இடத்தில் இருப்பான்.

இன்னொன்று சொல்கிறேன். பேச்சிப்பாறை அணையை 1906-ல் கட்டி முடித்தார்கள். அதிலிருந்துதான் கோதையாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக, நீங்கள் இப்போது இருக்கும் நாஞ்சில் நாட்டுக்கு வருகிறது. குலசேகரத்தில் நீங்கள் சின்ன வயதில் பார்த்த ஆறு, ஒவ்வொரு சிவராத்திரிக்கும் திற்பரப்பில் நீங்கள் முங்கிய ஆறு. மகனோடு இடம் மாறி வந்தது உங்களுக்கு உள்ளுக்குள் ஒரு வலி என்று கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. அந்த ஆற்றுத் தண்ணீர் உங்களுக்கு முன்பே நாஞ்சில் நாட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த தடவை குளத்தில் கால் கழுவும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மகன் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். பறவையைப் பார்த்தால் மனது லேசாகிறது என்பது நல்லதுதான். ஆனால் ராத்திரி தூங்குகிறீர்களா, சாப்பாடு இறங்குகிறதா, ஆட்களோடு பேசப் பிடிக்கிறதா என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை. என் மனைவி இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு வருஷம் அதை ஜெபத்தால் சரிபண்ணப் பார்த்தேன். மகள் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போன பிறகுதான் தூங்கினேன். டாக்டரிடம் போவதால் சாமிக்கு ஒரு குறையும் வராது. முட்டுவலியையும் காட்டிவிட்டு வாருங்கள்.

கடைசியாக அந்த விசிறி. முழுக் கடிதத்திலும் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்த பிறகு இந்த மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களில் பல நாள் இருட்டுதான். ரப்பரும் வாழையும் தெங்கும் முறிந்து கிடந்தன. கடலுக்குப் போனவர்களைப் பற்றித் தகவல் இல்லை. அந்த ராத்திரிகளில், பன்னிரண்டு சன்னதியில் வீசிய ஓலையால் உங்கள் மனைவிக்கு வீசியிருக்கிறீர்கள். கை வலித்திருக்கும். மாற்றி மாற்றி வீசியிருப்பீர்கள். நாற்பது வருஷப் பழக்கம், வீசும்போது வாய் தானாகக் "கோவிந்தா கோபாலா" என்று சொல்லியிருக்கும். அவர்களும் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பார்கள். பக்தி போய்விட்டதா என்று என்னிடம் கேட்கிறீர்கள், இந்த வரியை எழுதிய அதே கையால்.

இந்த மாசியில் வேனில் போகாதீர்கள். மகனிடம் சொல்லி சிவராத்திரி அன்று காலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அம்மா வைத்த இடத்திலேயே இப்போது நானும் மகளும் தண்ணீர் வைக்கிறோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மேலாங்கோட்டுக்கு மட்டும் மெல்லப் போகலாம். காலகாலர் அவர், காலனை உதைத்தவர். நம்ம வயதுக்காரர்கள் அவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேச வேண்டியிருக்கிறது. விசிறியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வாருங்கள். ஓடி வருகிறவர்களுக்கு வாசலில் நல்ல வியர்வை இருக்கும்.