“நடந்துதானே வந்தாள்?” – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். எனக்கு 23 வயது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. ஒன்பது நாள்களுக்கு முன் நண்பனின் பிறந்தநாளுக்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணும் வந்திருந்தார். இருவரும் நிறையக் குடித்தோம். யாரோ ஒரு மாத்திரை அட்டையையும் சுற்றுக்கு விட்டார்கள். நான் ஒன்று போட்டேன். அவர் போட்டாரா என்று தெரியாது. பிறகு ஓர் அறைக்குப் போனோம். உறவு நடந்தது. ஆணுறை இல்லை. பத்து மணிக்குப் பிறகு நடந்த எதுவும் நினைவில்லை என்று மறுநாள் சொன்னார். அதன்பின் அவர் என்னிடம் பேசவில்லை. “நடந்துதானே அறைக்கு வந்தாள், பாட்டை மாற்றக்கூடச் சொன்னாள், இப்போது நடிக்கிறாள்” என்கிறார்கள் நண்பர்கள். பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு எதுவும் நினைவில்லாமல் போகுமா? இருவருமே போதையில்தானே இருந்தோம், என் மேல் மட்டும் தவறா?

க.

அன்புள்ள க.,

சில விவரங்களை மாற்றி வெளியிடுகிறேன். அனுமதித்ததற்கு நன்றி.

போகும். முதல் கேள்விக்கு அதுதான் பதில். நடப்பதை நினைவாகப் பதிந்துவைப்பது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. வெறும் வயிற்றில் அடுத்தடுத்துக் குடித்து, ரத்தத்தில் ஆல்கஹால் மளமளவென்று ஏறும்போது அந்தப் பதிவு நின்றுவிடுகிறது. நடப்பது, சிரிப்பது, பாட்டை மாற்றச் சொல்வது எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் எத்தனை முறை துருவிக் கேட்டாலும், பதியாததை எங்கிருந்து எடுப்பார்? ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு அதிகமாகவே ஏறும், ஏனெனில் உடலில் நீரின் பங்கு குறைவு. அந்த அட்டை அல்பிரசோலம் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையாக இருந்து, அவரும் போட்டிருந்தால், நினைவு இன்னும் எளிதாக அறுந்திருக்கும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கக்கூடியவை அவை. காலையில் எல்லோரும் எழுந்தீர்களே, அது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆகவே “நடிக்கிறாள்” என்ற சொல்லை உங்கள் நண்பர்களிடமே விட்டுவிடுங்கள்.

தவறு பற்றி. போதையால், எதற்குச் சம்மதிக்கிறோம், அதன் விளைவு என்ன என்று புரியாத நிலையில் ஒரு பெண் தரும் சம்மதம் செல்லாது என்கிறது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 63ஆவது பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் 1983 முதலே இருந்ததுதான். அவரே குடித்தாரா, யாரும் குடிக்கவைத்தார்களா என்ற பேதம் அதில் இல்லை. விரும்பிக் குடித்தவனுக்குப் போதையைச் சாக்காகவும் சட்டம் ஏற்பதில்லை. நினைவில்லை என்பதாலேயே அந்த நேரத்தில் அவருக்கு எதுவும் புரியவில்லை என்று ஆகிவிடாது, உண்மைதான். ஆனால் அதை முடிவுசெய்ய எனக்கு இடமில்லை. உங்களுக்கு அறவே இல்லை. அன்று அறை வாசலில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்ததா, வந்தும் உள்ளே போனீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

“போதைதான் செய்ய வைத்தது” என்று நாளை நீங்கள் சொல்லக்கூடும் என்பதால் இதையும் சொல்கிறேன். 1976இல் அமெரிக்காவில் வில்சன், லாசன் என்ற இரு ஆய்வாளர்கள் இளைஞர்கள் சிலருக்கு வோட்கா என்று சொல்லி, சோடா போன்ற வெறும் டானிக் நீரைக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு டானிக் நீர் என்று சொல்லி வோட்கா கலந்து கொடுத்தார்கள். பிறகு பாலியல் படங்களைக் காட்டினார்கள். கோப்பையில் எது இருந்தாலும், வோட்கா குடித்ததாக நம்பியவர்களுக்கே கிளர்ச்சி கூடியது. குடித்திருக்கிறோம் என்ற எண்ணமே ஓர் அனுமதிச் சீட்டு. உண்மையான ஆல்கஹாலோ அளவு மீறினால் ஆணின் விறைப்பைக் கெடுப்பது.

இனி, நீங்கள் கேட்காதது. எழுத்துக்கு வருமுன் எட்டு ஆண்டுகள் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையத்தில், ஆலோசகராக இருந்தேன். ஒரு வியாழக்கிழமை, உங்கள் வயதுடைய ஒருவன் வந்தான். எப்போது நடந்தது என்று கேட்டேன். ஞாயிறு இரவு என்றான். திங்களும் செவ்வாயும் மருத்துவமனை நிறுத்தம் வரை பஸ்ஸில் வந்து, இறங்காமலே திரும்பியிருக்கிறான். மேசைக்கடியில் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள்கள் சாப்பிட வேண்டும். அவன் கெடு புதன் இரவோடு முடிந்திருந்தது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் ஏறக்குறைய அதே கெடுதான். மருத்துவர் சீட்டே தேவையில்லாத அதைச் சென்னையில் பல மருந்துக்கடைகளில் கேட்டால், இல்லை என்பதோடு ஒரு பார்வையும் சேர்த்துத் தருவார்கள்.

உங்களுக்கு ஒன்பது நாள் ஓடிவிட்டது. அவருக்கும்தான். அவரைத் தேடிப் போய் நிற்காதீர்கள், நண்பர்களைத் தூது விடாதீர்கள். ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: உறவு நடந்தது, ஆணுறை இல்லை, மாத்திரை அட்டை ஒன்று சுற்றில் இருந்தது, நான் பரிசோதனைக்குப் போகிறேன். அவர் உடலைப் பற்றிய இந்தத் தகவல் அவருக்குக் கிடைக்க வேண்டும். மன்னிப்பு, விளக்கம், “யாரிடமும் சொல்லாதே” எதுவும் அதில் வேண்டாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சேர்த்து அனுப்பலாம். அவர் மருத்துவமனைக்குப் போனால், புகார் கொடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. சிகிச்சைக்குக் கட்டணமும் வாங்கக் கூடாது. புகார் கொடுப்பது அவர் முடிவு. கொடுத்தால் வழக்கறிஞரைப் பாருங்கள்; அதற்காகக் கைப்பேசியில் எதையும் அழித்துவைக்காதீர்கள்.

நீங்கள் நாளைக் காலை நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம். எங்கே இருக்கிறது என்று 1097இல் கேட்டால் சொல்வார்கள். சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகளையும் கேளுங்கள். இப்போது எச்ஐவி இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி போக வேண்டும். அதுவரை ஆணுறை இல்லாமல் யாரோடும் உறவு வேண்டாம். அங்கே பெஞ்சில் சிலர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் வாசலிலேயே கழற்றிவிடுங்கள். ஆலோசகர் முதலில் அதைத்தான் சொல்வார்.