'வேர் இஸ் த பேங்க்' சரியா, 'வேர் த பேங்க் இஸ்' சரியா?

நீங்கள் கேட்டது இரண்டு. "கேன் யூ டெல் மீ" என்று ஆரம்பித்தால் பின்னால் "வேர் இஸ் த பேங்க்" வருமா, "வேர் த பேங்க் இஸ்" வருமா? "ஹி ஆஸ்க்டு" வந்துவிட்டால் அடுத்து வரும் வினையெல்லாம் இறந்தகாலமாக வேண்டுமா?

முதலாவதற்கு, "வேர் த பேங்க் இஸ்"தான். ஒரு கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் சாதாரண வாக்கியத்தின் வரிசைக்கு வந்துவிடும். டூ, டஸ், டிட் எல்லாம் உதிர்ந்துவிடும். "வாட் டஸ் ஹி வாண்ட்" என்பது "ஐ நோ வாட் ஹி வாண்ட்ஸ்" ஆகும். ஆமா, இல்லையா என்ற கேள்வியானால் இஃப் அல்லது வெதர் சேர்ப்போம்.

இரண்டாவதில்தான் நான் அடிபட்டேன். நீங்களும் என்னைப்போல் தமிழ் வழியில் படித்தவர் என்றே நினைக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

2011இல் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஜூனியர் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரின் ஆர்டரைப் பின்தொடர்ந்து கவனிக்கும் வேலையில், சேர்ந்து மூன்று மாதம். மேனேஜர் வெளியூரில் இருந்தார். பையர் போனில் கேட்டது, "வென் வில் யூ ஷிப் த செகண்ட் லாட்?" அதை மேனேஜருக்கு மெயிலில் இப்படி எழுதினேன்: "பையர் ஆஸ்க்டு வென் வி ஷிப்டு த செகண்ட் லாட்." ஆஸ்க்டு வந்தால் பின்னாலும் இறந்தகாலம் என்பது பள்ளியில் மனப்பாடம் செய்தது.

ராத்திரி பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். "ஏப்பா, சரக்கு எப்பப் போச்சு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சரக்கு இன்னும் பேக்கிங்லதானுங்க சார் இருக்குது."

அதற்குள் அவர் சரக்கை ஏற்றி அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரை எழுப்பி, எந்த கன்டெய்னரில் ஏறியது என்று தேட வைத்திருந்தார். நான் எழுதியதைப் படிக்கிற யாருக்கும் சரக்கு போய்விட்டது, தேதியைத்தான் கேட்கிறார்கள் என்றே தோன்றும். நான் எழுதியிருக்க வேண்டியது "வென் வி வுட் ஷிப்". கேட்டவர் வாயில் இருந்த காலத்திலிருந்து ஒரு படி பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான். வில் என்றால் வுட். டிட் என்று கேட்டிருந்தால் "ஹேட் ஷிப்டு". எல்லாவற்றையும் ஒரே இறந்தகாலத்தில் கொண்டுபோய்த் தள்ளுவது விதி அல்ல.

அந்தப் படியும் எப்போதும் கட்டாயமில்லை. இன்றைக்கும் உண்மையாக இருக்கும் விஷயம் என்றால் "ஷி ஆஸ்க்டு வேர் ஐ லிவ்" என்று நிகழ்காலத்திலேயே விடலாம், "லிவ்டு" என்றாலும் சரியே. "ஹி இஸ் ஆஸ்கிங்" என்று நிகழ்காலத்தில் தொடங்கினால் காலத்தை மாற்ற வேண்டாம். இன்னொரு இடத்திலும் நம்மவர்கள் தடுமாறுவார்கள். "வென் வி ஷிப், வி வில் இன்ஃபார்ம் யூ" என்பதில் வென்னுக்குப் பின் வில் வராது. "டெல் மீ வென் யூ வில் ஷிப்" என்பதில் வரும், ஏனென்றால் அது உள்ளே அடங்கிய கேள்வி.

நமக்கு ஏன் இது இவ்வளவு கஷ்டம்? தமிழில் "சரக்கை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார்" என்கிறோம். கேள்வி கேட்டபடியே நிற்கிறது. காலம் மாறவில்லை, "அனுப்புவீர்கள்" என்ற முன்னிலைகூட மாறவில்லை. 'என்று' என்ற ஒரு சொல் முழுக் கேள்வியையும் அப்படியே தூக்கிக்கொள்கிறது. அதனால்தான் "ஹி ஆஸ்க்டு வென் வில் யூ ஷிப்" என்று வாயில் வருகிறது. அது மக்குத்தனம் இல்லை, தாய்மொழியின் பழக்கம். நௌ போய் தென், டுமாரோ போய் த நெக்ஸ்ட் டே என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்களே தவிர, இதை ஒருநாளும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"ஷி ஆஸ்க்டு மீ வாஸ் ஐ கமிங்" என்று அயர்லாந்தில் சகஜமாகப் பேசுவார்களே என்று யாராவது கமெண்டில் வரலாம். தெரியும். அது அவர்கள் பேச்சுவழக்கு, அதில் தப்பே இல்லை. நான் சொல்வது பரீட்சைக்கும் ஆபீஸ் மெயிலுக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. எங்கள் டையிங் மாஸ்டர் லேப் டிப் துணியை, அதாவது கலர் சரிபார்க்கச் சாயமிட்ட சின்ன மாதிரித் துண்டை, லைட் பாக்ஸில் முதலில் பகல் வெளிச்சம் போன்ற டி65 வெளிச்சத்தில் பார்ப்பார், பிறகு கடை வெளிச்சமான டிஎல்84க்கு மாற்றுவார். "இங்க சரியா இருக்குது, அங்க சிவப்பு ஏறுது பாரு" என்று விரல் வைத்துக் காட்டுவார். அவர் சரி என்ற கலரை பையர் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் வேலைக்கு அவரை ஆங்கிலத்தில் நேர்காணல் செய்து ஐந்தே நிமிடத்தில் வேண்டாம் என்றார்கள். அவருக்குப் பதிலாக அந்த வேலைக்கு வந்தவருக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது. ஆனால் கலரின் ஷேடு பார்க்க அவரும் மாஸ்டரைத்தான் கூப்பிட்டார்.