வெறும் கவுன்சிலர்

அன்புள்ள ஐயா,
லண்டன் பெர்மண்ட்சி ஆற்றங்கரையில் டாக்டர் ஆல்ஃபிரட் சால்டரின் சிலையைப் பார்த்தேன். எம்.பி.யாக இருந்தவர். பக்கத்தில் மண்வெட்டியோடு நிற்பது அவர் மனைவி ஏடா. தேடிப் பார்த்ததில் அவர் வெறும் கவுன்சிலர்தான் என்று தெரிந்தது. என்னையும் இங்கே கவுன்சில் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். பொறுத்திருந்து பெரிய தேர்தலில் நிற்கலாமே என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து என்ன?
ர., லண்டன்

அன்புள்ள ர.,

சில வாரங்களாக நான் ஏடா சால்டரைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வருகிறது, அதில் ‘வெறும்’ என்று ஒரு சொல். எழுத எப்படி மனம் வந்தது உங்களுக்கு?

அந்தச் சிலைகளின் கதை தெரியுமா? 1991இல் அங்கே வைத்தபோது டாக்டர் இருந்தார், மகள் ஜாய்ஸ் இருந்தாள், சுவர்மேல் ஒரு பூனைகூட இருந்தது. ஏடா இல்லை. 2011இல் யாரோ டாக்டரின் சிலையைத் திருடிக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்கள் பணம் திரட்டி 2014இல் புதிதாக வைத்தபோதுதான் ஏடாவுக்கும் இடம் கிடைத்தது. பூனைக்குப் பிறகு 23 வருடம் காத்திருந்திருக்கிறார் அந்த அம்மா. உங்கள் ‘வெறும்’ அங்கிருந்துதான் வருகிறது.

லண்டனில் ஒவ்வொரு பகுதிக்கும் இருந்த பரோ கவுன்சில்களிலும், அன்றைய லண்டன் முழுவதற்குமான கவுண்டி கவுன்சிலிலும் பெண்கள் உறுப்பினராகலாம் என்று சட்டம் வந்ததே 1907இல்தான். 1909இல் ஏடா பெர்மண்ட்சியின் முதல் பெண் கவுன்சிலர் ஆனார். தோல் பதனிடும் தொட்டிகளும் கப்பல் துறைகளும் நெருக்கியடித்த வீடுகளுமாக இருந்த பகுதி அது. ஏழைகளுக்கு வேலை செய்தால் அவர்களோடு வாழ வேண்டும், பிள்ளையும் அங்கேயே வளர வேண்டும் என்பது கணவன் மனைவி இருவரின் பிடிவாதம். ஏடா கவுன்சிலராகி ஓராண்டு முடிவதற்குள், 1910இல், ஸ்கார்லட் காய்ச்சலில் ஜாய்ஸ் போய்விட்டாள். எட்டு வயது. ஒரே பிள்ளை. அதற்குப் பிறகும் அவர்கள் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை நின்றுவிடுகிறது.

1922இல் மேயரானதையும் (லண்டனில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் மேயராக இருந்ததில்லை), அங்கியும் சங்கிலியும் வேண்டாம் என்றதையும் நீங்களே படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது மரங்களைப் பற்றி. 1920இல் பரோ கவுன்சிலில் அழகூட்டும் குழு ஒன்று அமைந்தது, அவர் முன்னின்று நடத்தினார். முப்பதுகளுக்குள் அந்தப் புகைமண்டிய தெருக்களில் 9,000 மரங்கள். ஒரு மரம் நட எந்தத் தெரு, குழி யார் தோண்டுவது, செலவு எந்தக் கணக்கில், கன்று பட்டுப்போனால் மறுபடி யார் வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பேசி, கையெழுத்து வாங்கி, மறுவாரம் போய்ப் பார்க்க வேண்டும். அதை 9,000 முறை நினைத்துப் பாருங்கள். நாடாளுமன்றத்தில் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் ஒரு தெருவில் ஒரு கன்று தானாக முளைக்காது. 1925இல் லண்டன் கவுண்டி கவுன்சிலுக்குப் போன பிறகும் அவர் பிடித்துக்கொண்டது பூங்காக்களைத்தான். பதவி பெரிதாயிற்று, வேலையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை நான் வில்சன் குரோவ் தெருவில் நின்றேன். குடிசைப்பகுதியை இடித்துவிட்டு ஏடாவின் முனைப்பில் 1928இல் கட்டி முடித்த வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தோட்டம். அடுக்குமாடிதான் மலிவு என்று சொன்ன காலத்தில், ஏழைக்கு மண் எதற்கு என்று கேட்ட காலத்தில் கட்டியவை. ஒரு கிழவர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். யார் கட்டிய வீடு தெரியுமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தார். என் அம்மா கடைசி வருடங்களில் பால்கனித் தொட்டியில் துளசிக்கு ஊற்றியது அப்படியே நினைவுக்கு வந்தது, அங்கேயே கொஞ்சநேரம் நின்றுவிட்டேன்.

சரி, நீங்கள் கேட்டது தேர்தல். நண்பர்கள் சொல்வதை விடுங்கள். உங்கள் தெருவில் எந்த வாய்க்கால் அடைத்திருக்கிறது, எத்தனை வீட்டுச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் நில்லுங்கள். தெரியாவிட்டால் முதலில் ஒரு மாதம் நடந்து பாருங்கள். பெர்மண்ட்சி ஸ்டேஷனில் இறங்கினால் வில்சன் குரோவ் பக்கம்தான். மறுபடி போகும்போது சிலைக்கு முன் அந்தத் தெருவுக்குப் போங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்